வட்டுவிதானை

சம்மாந்துறையில், மில் கேற்றிலிருந்து சந்தி வரைக்கும்
ஈர நெல்லோடு நிற்கின்றன மெசின்கள்.
நிறுவைப் பாலத்தில் முதல் மெசின் ஏறிக்
கால் மணித்தியாலம்.
திரையில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது,
எடையைச் சொல்ல மனமில்லாமல்.

"என்னகா மிஸ், ஒங்கட கொம்பியூட்டர் தூங்குதா?"
சாரத்தை மடித்துக் கட்டியபடி லெப்பைத்தம்பி.
அவருடைய பெட்டியில் நாற்பத்திரண்டு மூடை.
கடல் பக்கம் மழை கறுக்கிறது.

தூங்கவில்லை. மூச்சு வாங்குகிறது.
எந்த நெஞ்சில் என்பதுதான் தெரியவில்லை.

கறுப்பு ஜன்னலைத் திறக்கிறேன்.
ஐயோஸ்டாட்.
பெயரிலேயே ஐயோ இருக்கிற கட்டளை.
வட்டு வட்டாகச் சொல், என்கிறேன்,
இரண்டு செக்கனுக்கு ஒருதரம்.

முதலில் வருகிற அட்டவணையை நான் படிப்பதில்லை.
அது இயந்திரம் விழித்த நாளிலிருந்து
இந்த நிமிடம் வரைக்குமான சராசரி.
சராசரியில் எல்லாரும் சுகம்.
சராசரியில் இந்த ஊருக்கு வெள்ளமே வந்ததில்லை.

இரண்டாவதிலிருந்து பார்க்கிறேன்.
ஏ: மூன்று சதவீதம்.
பீ: ஒன்று.
டீ: சும்மா கிடக்கிறது.
சீ: நூறு.
கேட்டவன் காத்து நிற்பது எண்ணூற்று நாற்பது மில்லிசெக்கன்.
மீண்டும் நூறு.
மீண்டும்.

குளத்தில் தண்ணி இருக்கா என்றால் இருக்கு என்பார்கள்.
எந்த வாய்க்காலின் கழுத்தில் கட்டை கிடக்கிறதென்று
வட்டவிதானை இறங்கி நடந்துதான் பார்க்க வேண்டும்.
இதைச் சொன்னேன்.
"அப்ப நீங்க வட்டுவிதானை" என்றான் நிறுவைக் கிளாக் ஜதுர்ஷன்,
தன் பகிடிக்குத் தானே சிரித்து.

மறுகா ஐயோடாப்.
யார் குடிக்கிறார் என்று அது பேர் சொல்லும்.
எழுதுவது ஒன்றுமில்லை. வாசிப்புத்தான்.
ஒரே ஒரு ஆள்,
செக்கனுக்கு நூறு மெகாபைட், மூச்சு விடாமல்.
வாசிக்கப்படும் கோப்பு: தண்ணி.
வாசிக்கச் சொன்னவர்: ரிஸ்மியா.

அது நான்.

மூன்று வருசத்துக்கு முந்தின டிசம்பர்.
களஞ்சியத்தின் அடி மூடைகள் நனைந்து
சாக்குக்குள்ளேயே முளைத்த கிழமை.
இரவோடு இரவாக எழுதினேன்:
தரையில் ஒரு மிதவை, செக்கனுக்குப் பத்து வரி.
முதல் வரியிலிருந்து வாசி,
ஆகக்கூடிய அளவைக் கண்டுபிடி,
தண்ணி அதைத் தாண்டினால் என்னை எழுப்பு,
முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து.
அப்போது அது அரைப்பக்கம்கூட இல்லை.

வெள்ளம் வடிந்தது. மிதவையைக் கூட்டித் துடைத்து வைத்தார்கள்.
நிறுத்து என்று இதற்கு யாரும் சொல்லவில்லை.
இப்போது ஐம்பத்தைந்து கிகாபைட்.
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்,
அத்தனைக்கும் அடியில் ஒரே ஒரு இரவு:
முப்பத்தேழு சென்டிமீட்டர்.
ஒவ்வொரு முறையும் அதுவரைக்கும் போய்த் தொட்டுவிட்டு
பூச்சியங்களுக்குள்ளால் திரும்பி வருகிறது.

போன போகத்திலேயே சுணங்கியது.
வயரில் பிழை என்று முதலாளியிடம் சொன்னேன்.
புது வயரும் வாங்கினார்.

அதன் எண்ணைத் தட்டி நிறுத்துகிறேன்.
கேள்வி கேட்காமல் நின்றது.
சீ: எழுபது. சீ: பதினொன்று. சீ: இரண்டு.
வளையம் மறைந்து எடை வந்து உட்கார்ந்தது.
"எழும்பிட்டுதுகா!" லெப்பைத்தம்பி மெசினை உறுமவிட்டார்,
ஜதுர்ஷன் அடுத்தவரைக் கைகாட்டினான்.

தகரத்தில் முதல் துளி.
பிறகு பத்து, பிறகு எண்ண முடியாது.

திருத்தி எழுத வேண்டும்; இரண்டே வரிதான்,
முப்பத்தேழை மட்டும் கையில் வைத்துக்கொள் என்று.
எழுதும்வரைக்கும் தண்ணியை யாரும் பார்க்கவில்லை.

கதிரையைத் தள்ளிவிட்டு
களஞ்சியத்துக்கு நடக்கிறேன்.
மூடைகளுக்கு இடையில் குந்தி
உள்ளங்கையைத் தரையில் வைக்கிறேன்.

காய்ந்துதான் இருக்கிறது.
கையை எடுக்கவில்லை இன்னும்.