அடி அடுக்கு

எந்த அடுக்கில் விழுந்தது என்று கேட்டார்.
முதல் அடுக்கில் என்றேன்.
வேறு எதைச் சொல்லியிருந்தாலும்
மாசியிலேயே மாட்டிக்கொண்டிருப்பேன்.

பத்தடிக் குழி.
மேட்டுக்கொல்லையில், நாகமலைக்கு முதுகு காட்டி
அவரே வெட்டிச் சாந்து பூசியது.
மார்கழியில் சோளம் பால்பிடித்த வாரம் அறுத்தோம்.
விரற்கடை நீளம் நறுக்கி, ஒரு சாண் பரப்பி,
ஆலையில் வாங்கிய கழிவுப்பாகைக் கரைத்துத் தெளித்து
ஏழு பேர் இரண்டு நாள் மிதித்தோம்.
கால்நடை டாக்டர் அதற்கு சைலேஜ் என்றார்,
நாங்கள் குழிப்புல் என்றோம்.
"காத்து நின்னாப் பூசணம்" என்று
அவர் சொல்லிவிட்டுப் போனதை
இவர் சாமிவாக்கு மாதிரிச் சொல்லிக்கொண்டே
களிமண்ணும் சாணியும் குழைத்து மூடினார்.
மூடிக் கைகழுவிய பிறகுதான்
என் இடது காதைப் பார்த்தார்.
தோடு இல்லை.

"தோண்டிருவமா?" என்றான் மிதிக்க வந்த மொக்கையன்.
இவர் முறைத்த முறைப்பில்
எட்டு மாட்டின் கோடை இருந்தது.

தோடு அப்போது
தெற்காவணி மூலவீதி அடகுக்கடையில்
மஞ்சள் காகிதத்துக்குள்.
பணம் பெரியாஸ்பத்திரிப் பிரசவ வார்டில்,
இந்த வீட்டில் யாரும் பேரெடுக்காத
என் தங்கச்சி விருமாயியின் தலைமாட்டில்.
கொண்டுபோனது பால்சைக்கிள் சீனிச்சாமி.
அவன் வாய்க்குத் தினம் அரைக்கால் படி கூட ஊற்றினேன்.

அறுபது நாள்
மேல்மண் வெடித்த இடமெல்லாம்
விடியுமுன் போய் நானே மெழுகினேன்.
என் அக்கறை அவருக்குப் பிடித்துப்போனது.

மாசிக் கடைசியில் திறந்தோம்.
காடியும் வெல்லமுமாய் ஒரு புளிப்பு
ஊர்மடைவரை போனது.
மயிலை முதல்நாள் மூக்கைச் சுளித்தது,
மறுநாள் கூடையைப் பிடுங்கியது.
அன்றுமுதல் ஒவ்வொரு கூடையையும்
சாக்கில் கொட்டி விரல்விட்டு அளைந்தார்.
அடியில்தானே கிடக்கும் என்றேன்.
மிதியில் மேலேறி வந்திருக்கும் என்றார்.
சாணியைக்கூட விடவில்லை.

பங்குனி முடிகையில் குழியில் மிச்சம் இரண்டு முழம்.
எனக்குக் குறைவு, வட்டியோடு, முப்பத்தொரு ரூபாய்.
ஏணியில் இறங்குகிறவரின் தலை
ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் கீழே போய் மறைந்தது.
வைக்கோலைக் கூட்டிக் குழிப்புல்லைக் குறைத்துப் பார்த்தேன்.
செவலைக்குப் பால் வற்றியது.
வெண்ணெய்க் காசும் அதோடு போகுமே என்று
மறுபடி கூட்டினேன்.

சித்திரையில் மதுரை முழுக்க மோர்ப்பந்தல்.
சீனிச்சாமி என் தயிரை என்ன விலைக்கு விற்றானோ,
அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாள்
காலிக் கேனுக்குள் மஞ்சள் காகிதம் இருந்தது.

அன்றைக்குக் கடைசிச் சாண்.
நான் இறங்குகிறேன் என்று இறங்கினேன்.
இரண்டு கூடை ஏற்றிவிட்டுக்
"கிடைச்சிருச்சு" என்று கத்தினேன்.
குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

வாங்கினார். வெயிலில் திருப்பினார்.
மூக்கருகே கொண்டுபோனார்.
அதை நான் யோசிக்கவில்லை.
நாலு மாதம் புல்லில் ஊறிய தோட்டில்
கடைச் சாம்பிராணி மணத்தது.

அவர் கைதான் புளித்துக் கிடந்தது.
அந்தக் கையாலேயே
காதில் வைத்துத் திருகிவிட்டார்,
இறுக்கமாக, ஒரு சுற்று கூடுதலாக.

"அடுத்த வருசம்
இன்னும் ரெண்டு முழம் ஆழமா வெட்டணும்"
என்றார், ஏணியை மேலே இழுத்துக்கொண்டே.