மூன்றாம் கம்பம்

மாநகர சபைக் கடிதத்தில் ஒரே ஒரு வரி:
இரவு பத்துக்குப் பிறகு இலவச வைஃபை நிறுத்தப்படும்.
நிறுத்துவது நான்.
வாவிக்கரை மூன்றாம் கம்பம்,
காகம் எச்சமிட்ட வெள்ளைப் பெட்டி,
ஏணி, டெஸ்டர்.

திரையில் ஆட்களில்லை, போன்களின் பெயர்கள்தான்.
‘சுகிர்தா 2’ வங்கிச் சுவரோடு நிற்கிறாள்;
கட்டாரோடு பேசி முடியும்வரை
செருப்பைக் கழற்றிக் கழற்றிப் போடுவாள்.
‘றிஸ்மி டெய்லர்’ பாட்டு இறக்குகிறான்.
‘தொடாதே’ என்றொரு போன், ஏ.எல். படிக்கிற பொடியன்,
பத்து வருசத்து வினாத்தாள் அதற்குள் கிடக்கு.

அரை மணிக்கொருக்கா பெட்டி
எல்லாரையும் வெளியே தள்ளி
நீ யார், இலக்கம் என்ன என்று கேட்கும்.
இந்த ஊரில் அந்தக் கேள்விக்குச்
சலித்துக்கொண்டு பதில் சொல்கிறவர்களை
இப்போதுதான் பார்க்கிறேன்.

பத்தேகாலுக்கு ஒன்று வரும்.
பெயர்கூட இல்லை, வெறும் எண்கள்.
கரையில் எவருமில்லை.
கல்லடிப் பாலத்துக்கு இப்பால், தண்ணீரில்,
ஒரு தோணி, உள்ளங்கையளவு வெளிச்சம்.
ஒரு கோடு சிக்னல்.
நாலு நிமிசம்.
மறுகா இல்லை.

யாருக்கு என்ன அனுப்புகிறான்?
பார்க்க வழி இருக்கு.
பார்த்ததில்லை.

வேலைப் புத்தகத்தில் முதலே எழுதிவிட்டேன்:
நிறுத்திய நேரம், பத்து மணி.
இப்போது பத்து பதினேழு.
சுகிர்தாவும் போய்விட்டாள்.
வாடை கிளம்பி அலை கறுக்கிறது,
தோணியைக் காணவில்லை.

ஏணியின் முதல் படியில் ஒரு கால்.
மற்றக் கால் இன்னும் நிலத்தில்.