தொண்ணூறு நாள்

படிவம் கேட்டது மூன்றுதான்:
பழைய அட்டையின் படம்,
பறந்த கணக்கின் கடைசிப் பக்கம்,
இரண்டிலும் ஒரே பெயர்.

லோர்ன் புச்கோ, வின்னிபெக்.
தானியக் கிடங்குகளின் எடைமேடைகளைச் சோதிப்பவன்.
முத்திரையிட்ட எடைக்கற்கள்
லாரியில் முன்னால் போய்விடும்.
பின்னாலேயே நான் பறப்பேன்,
தண்டர் பே, ரெஜைனா, பிரின்ஸ் ரூப்பர்ட்,
மறுபடியும் தண்டர் பே.

பதினோரு வருடம் பிரெய்ரி ஏர்.
தங்கம் என்றார்கள் என்னை.
தங்கம் என்றால் முதலில் ஏறலாம்,
இரண்டு பெட்டிக்குக் காசு இல்லை,
பனிப்புயலில் விமானம் ரத்தானால்
தொலைபேசியை ஒரு மனிதர் எடுப்பார்.
அந்த மனிதருக்காகத்தான்
தங்கமாகவே இருந்தேன்.

நவம்பரில் ஒரு வியாழன், காலை ஆறு மணிக்கு
பிரெய்ரி ஏர் நின்றுபோனது.
என் கணக்கில் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் மைல்.
நிலாவுக்குக் கூட்டிப்போய்
திரும்பும் வழியில், முக்கால் தூரத்தில்
இறக்கிவிட்ட மாதிரி.

பக்கம் அணைவதற்குள் படம் பிடித்துவைத்தேன்,
சாகக் கிடப்பவரிடம்
கைநாட்டு வாங்கிக்கொள்வதுபோல.
அதைத்தான் போரியலுக்கு அனுப்பினேன்.
பதினோரு வருடமாக
நான் ஏறிட்டும் பார்க்காத போரியலுக்கு.

நாற்பத்தொரு மணி நேரத்தில் பதில்.
அன்புள்ள திரு புச்கோ,
உங்கள் தகுதியை மதிக்கிறோம்.
தங்கத்துக்குத் தங்கம் தருகிறோம்.
தொண்ணூறு நாளில் ஆறு பயணம்.
தவறினால்
எல்லோரையும்போல.

எண்பத்தெட்டாம் நாள் ஐந்தில் நின்றது.
பிப்ரவரியில் ஏரி உறைந்து கிடக்கும்,
கப்பல் இல்லை, கிடங்குக்கு என் தேவை இல்லை.
ஒரு வேலையும் இல்லாத ஊருக்கு
டிக்கெட் எடுத்தேன்: யெல்லோநைஃப்.
போவதும் அதே விமானம்,
நாற்பது நிமிடம் கழித்து
வருவதும் அதே விமானம்.

பின்வரிசையில், கழிப்பறைக்குப் பக்கத்தில்
மடிப்புக் கலையாத புதுக் கழுத்துத்துணியோடு
கோலீன் மக்ஐசக்.

பிரெய்ரியில் முன்கதவு அவளுடையது.
யார் வந்தாலும் பெயர் சொல்லி அழைப்பாள்.
என்னைக் கண்டதும்
தக்காளிச் சாறு, ஐஸ் வேண்டாம் என்றாள்,
வணக்கம் சொல்வதற்கு முன்பே.

இருபத்தாறு வருடம் அங்கே, என்றாள்.
இங்கே இன்று பத்தொன்பதாம் நாள்.
பணிமூப்புப் பட்டியலில் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டுப் பேர்,
நான் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று.
எனக்குக் கீழே ஏழு குழந்தைகள்.
நேற்று ஒருத்தி காபிக் குடுவையைத்
திறக்கத் தெரியாமல் அழுதாள்.
கிறிஸ்துமஸ் லீவு என் முறைக்கு வரும்போது
எனக்கு அறுபது ஆகியிருக்கும்.

பழைய வருடங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா?
யாரும் சேர்ப்பதில்லை, என்றாள்,
எந்த விமானத்திலும்.
டிரே மேசையை ஒருமுறை துடைத்தாள்.
அது சுத்தமாகத்தான் இருந்தது.

உங்களுக்குக் கொடுத்துவிட்டார்களா, தங்கம்?
கொடுத்தார்கள்.
எத்தனை நாளில்?

ஒரு மாதம் ஆனது, என்றேன்.

இருபது டன் மேடையில்
ஐந்து கிலோ பிசகினால்
சிவப்புச் சீட்டு ஒட்டிப் பூட்டுகிறவன் நான்.

யெல்லோநைஃபில் குளிர் மைனஸ் முப்பத்தெட்டு.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
இறக்கைக்கு மருந்து அடிப்பதைப் பார்த்தேன்.
தங்க அட்டைக்காரர்கள் வரலாம் என்றார்கள்.
ஷூ நாடாவைக் கட்டினேன்.
குழந்தையோடு வந்தவர்கள், வரிசை ஒன்று, இரண்டு,
வைரச் சுரங்கத்திலிருந்து வீடு திரும்பும் ஆட்கள்,
அவர்களுடைய பெரிய பெரிய கோட்டுகள்,
எல்லோரும் போகட்டும் என்று நின்றேன்.
பெரிய காரியம் செய்கிற நினைப்பு.

கடைசியாக ஏறினேன்.
மேலே என் பெட்டிக்கு இடமில்லை.
நடைபாதை முழுக்க எனக்காகக் காத்திருந்தது.
பின்னாலிருந்து கோலீன்தான் வந்தாள்,
நான்கு கோட்டுகளை எடுத்து மடித்து,
யாருடைய கிட்டாரையோ நிமிர்த்தி,
எக்கி, தோளால் முட்டித் திணித்தாள்.

முதலிலேயே ஏறியிருக்கலாமே, என்றாள்,
மூச்சு வாங்க.