வெறும் வயிற்றில் நாற்பத்தொன்று

பெரியபட்டினத்தில் ஏழு வீடு,
முத்துப்பேட்டையில் நான்கு,
ரெட்டையூரணியில் இன்று ஒரு கர்ப்பிணி.
'ரத்தக்காரி வந்துட்டா' என்று பிள்ளைகள் ஓட
ஐஸ் பெட்டிக்குள் பன்னிரண்டு குப்பிகள்
பெயர் ஒட்டி நிற்கின்றன.
பத்தரைக்குள் ராமநாதபுரம் லேபில் இறக்க வேண்டும்.
வண்ணாங்குண்டு தாண்டியதும்
சைக்கிள் செத்துப்போகிறது.

முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓடும் என்று
அட்டைப்பெட்டியில் போட்டிருந்தார்கள்.
அட்டைப்பெட்டிக்குக் கச்சான் தெரியாது.
ஆனி பிறந்தால் இந்தக் கரையில்
உடைமரமே ஒருச்சாய்ந்து நிற்கும்.
முப்பத்தைந்து, இருபத்தாறாகிவிடும்.
மிச்ச ஒன்பதை
என் முழங்கால்தான் கட்டுகிறது.

ஆக, இன்னொரு பேட்டரி.
கூடவே எடுத்துப்போக, வழியில் மாட்ட,
விலையும் கட்டுபடியாக.

ஒரு குப்பிக்கு எனக்கு நாற்பது ரூபாய்.
அதனால் எதையும் ஊசியில்தான் எண்ணுவேன்.
கம்பெனி பேட்டரி முந்நூற்று அறுபத்து மூன்று ஊசி.
வாசலோடு திரும்பிவிட்டேன்.

கேணிக்கரையில் சீனி அசன் கடை.
ஈய பேட்டரி மூன்றைச் சேர்த்துக் கட்டி
"அறுபத்தெட்டு ஊசிதான்க்கா" என்றான்,
அதற்குள் என் கணக்கு அவனுக்குப் பழகியிருந்தது.
தூக்கிப் பார்த்தேன். ஏழு கிலோ.
காற்றோடு மல்லுக்கட்ட
மடியில் கல்லைக் கட்டிக்கொள்வதா?

அடுத்தது
பழைய லேப்டாப்புகளைப் பிரித்தெடுத்த செல்.
இருபதைப் பற்றவைத்து, நீலத்தாள் சுற்றி,
எழுபத்தைந்து ஊசி.
மீட்டரை வைத்தான். நாற்பத்தொன்று.
"பாத்தீங்களா, புதுசு மாதிரி."

பதினோரு வருடமாக
விடிகாலையில் கதவைத் தட்டி
வெறும் வயிற்றில் ஒன்று,
இட்லி தின்று இரண்டு மணிநேரம் கழித்து ஒன்று என
ரத்தம் எடுக்கிறவள் நான்.
வெறும் வயிற்றில் பலரும் யோக்கியர்கள்.
"லோடு போட்டுக் காட்டு" என்றேன்.

சைக்கிளில் மாட்டி
அவனையே பின்னால் ஏற்றிக்கொண்டு
கீழக்கரை சாலையில், காற்றின் முகத்தில்,
திராட்டிலைத் திருகினேன்.
மீட்டர் அவன் மடியில்.
நாற்பத்தொன்று, சட்டென்று முப்பத்தாறு.
பாலத்து ஏற்றத்தில் முப்பத்தொன்று.
அப்புறம் எதுவுமில்லை.
தள்ளிக்கொண்டு திரும்பினோம்.
இருவரும் பேசவில்லை.
நீலத்தாளைக் கிழித்தான்: இருபதில் மூன்று பிணம்.
"அல்லா சத்தியமா எனக்கே தெரியாதுக்கா."
நம்பினேன், பாதி.

பெஞ்சுக்கு அடியிலிருந்து
ஒரு சின்னதை எடுத்தான்.
புது செல், ஐந்து ஆம்பியர், ஒன்றரை கிலோ,
மதியச் சோற்று டப்பா அளவு.
"இது பத்தாதுக்கா. பதினஞ்சு கிலோமீட்டர்தான்.
கச்சான்ல பதினொண்ணு."
அப்போதுதான் உறைத்தது.
மாதக்கணக்காக முழு பேட்டரி கேட்டு அலைகிறேன்.
எனக்குக் குறைவதோ ஒன்பது கிலோமீட்டர்.

அதையும் ஓட்டிப் பார்த்தேன்,
அதே பாலம், அதே ஆள் பின்னால்.
முப்பத்தெட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

நூற்று முப்பது ஊசி, மூன்று தவணை.
சொருகும் முனை என் சைக்கிளுக்குப் பொருந்தவில்லை,
அதை மாற்றித் தந்தான்.
ஃபியூஸ் கேட்டேன், முனகிக்கொண்டே போட்டான்.
உப்புக்காற்றில் பித்தளை பச்சை பூக்கும் என்று
வாஸ்லின் தடவிக்கொள்வது என் பாடு.

இப்போது அது ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில்
துண்டு சுற்றி உட்கார்ந்து வருகிறது.
வண்ணாங்குண்டு தாண்டி, ஒரு பனையடியில்,
இறங்கி மாற்ற ஒரு நிமிடம்.
காற்றில்லாத நாளில் அது தேவைப்படுவதில்லை.
அன்றைக்குத்தான் கனக்கிறது.

கடைசித் தவணைக்குப் போனேன்.
எண்ணி வாங்கியவன்
நாற்பது ரூபாயைத் திருப்பி நீட்டினான்.
"ஒரு ஊசி கழிச்சுக்குங்க"
சட்டைக் கையை மடித்தான்.
சாப்பிட்டாயா என்றேன்.
"ரெண்டு மணிநேரம் ஆச்சு. பிரியாணி."
நரம்பு சட்டென்று கிடைத்தது.

மறுநாள் சீட்டு வந்தது.
யாருடைய எண்ணையும் நான் வெளியில் சொல்வதில்லை.
ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிவிட்டு
அவன் கையில் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் படித்தான்.
"இது லோடுலதானக்கா?"
ஆமாம் என்றேன்.
நாளைக்கு வெறும் வயிற்றில் இரு,
ஆறு மணிக்கு வருகிறேன் என்றேன்.