மறுகா

கிளினிக் அட்டையில் ஒரு கேள்வி இருந்தது:
ஒன்றரை வயதில் எத்தனை சொல்?
மிட்வைஃப் மிஸ் பேனை மூடியைக் கழற்றி
என் வாயைப் பார்த்தா.
நிரோஜினியின் வாயை எவரும் பார்ப்பதில்லை.

"தாய்க்குக் காது கேளாதெண்டா
பிள்ளைக்குப் பேச்சு பிந்தும் தம்பி.
வீடியோ இருக்கு, போட்டுக் காட்டுங்க."
நல்ல மனுசி.
கொதிக்கிற வெயிலில்
பஞ்சரான ஸ்கூட்டியை உருட்டி வந்து சொன்னது.

என் கடையில் ஒரு வருசமாய்க் கிடந்தது அந்த டெப்.
திருத்தத் தந்தவர் கட்டாருக்குப் போய்விட்டார்.
மூலையில் வெடிப்பு. பற்றரி மாற்றினேன்.
களுவாஞ்சிகுடிச் சந்தியில் டேட்டா போட்டேன்.

திரையில் மஞ்சள் சட்டைக்காரி,
களைக்கவே தெரியாத சிரிப்பு.
ஆப்... பிள் என்று இழுத்து
மடக்கிய விரலைக் கன்னத்தில் திருகுவாள்.
பால் என்று சொல்லி
காற்றில் ஒரு மடியைக் கறப்பாள்.
பிறகு காதில் கை வைத்துக் காத்திருப்பாள்,
சரியாய் ஐந்து விநாடி.
பிள்ளை சொன்னாலும் சொல்லாவிட்டாலும்
கை தட்டுவாள்.

மிதுஷி பார்த்தாள்.
அவளை மடியில் வைத்திருந்த நிரோஜினியும் பார்த்தாள்.
சத்தமில்லாத வீடியோ அவளுக்கென்ன புதிதா.
கறக்கிற கையைக் கண்டதும்
என் தோளில் தட்டி, கையால் கேட்டாள்:
ஆருடைய மாடு?

எங்கள் வீட்டில் பால் என்றால்
கரண்டிப் பிடியால் டின் மூடியை நெம்பி
மாவைக் கோப்பையில் போட்டு
மூன்று சுற்றுக் கலக்குவது.
இடது உள்ளங்கை கோப்பை,
வலது சுட்டுவிரல் கரண்டி.
கலியாணம் கட்டின கிழமை
எனக்கு அவள் சொல்லித் தந்த முதல் சொல்.

மூன்றாம் கிழமை, பிள்ளை சொன்னாள்:
ஆப்பிள்.
ஓடிப்போய் ஒன்று வாங்கி வந்தேன், விலை பாராமல்.
அதை உருட்டிவிட்டு
டெப்பைக் கட்டிப் பிடித்து
மறுபடி ஆப்பிள் என்றாள்.
போன் திருத்துகிறவனின் மகள்!
அது ஆப்பிள் இல்லையடி, சீனச் சாமான் என்றேன்.
சிரிப்பை அடக்க முடியவில்லை.
நிரோஜினிக்கு அந்தப் பகிடியை விளங்கப்படுத்த
அரை மணித்தியாலமும் இரண்டு கையும் வேண்டியிருந்தது.

மார்கழி மழையில் ஒரு நாள்
வாவிப் பக்கம் ஒரு வெளிச்சம் வெட்டி
கரண்ட் நின்றது.
கரண்ட் போனால்
எங்கள் வீட்டில் பேச்சும் போகும்.
இருட்டில் கைகள் ஊமை.
டெப் ஏற்கெனவே செத்திருந்தது.
போனைத் தேடி மேசையைத் தடவினேன்.
சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை
திடீரென்று நிறுத்தினாள்.

வெளிச்சம் பிடித்துப் பார்க்கிறேன்.
தாயின் கையை விரித்து வைத்து
அதற்குள் சின்ன விரலை விட்டு
கலக்குகிறாள்.
ஒன்று. இரண்டு. மூன்று.
என் பக்கம் திரும்பி வாயால் சொன்னாள்:
மறுகா.

மஞ்சள் சட்டைக்காரி இன்னும் என்பாள்,
மீண்டும் என்பாள்,
இந்தச் சொல் அவளிடம் இல்லை.
மறுகா எடுக்கிறன், மறுகா வாங்க,
மறுகா என்ன நடந்த?
என்று நாள் முழுக்கப் போனில் கத்துகிறவன் நான்.
எனக்குப் பக்கத்தில் தவழ்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நிரோஜினிக்கு அது கேட்கவில்லை.
அவள் எழும்பிப் போய்
டின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தாள்.

தை மாதக் கிளினிக்.
எத்தனை சொல் தம்பி?
இரண்டு மிஸ். ஆப்பிள், மறுகா.
"மறுகாவா! அசல் மட்டக்களப்பாள்."
2 என்று எழுதினா.
கலக்கினதை எங்க மிஸ் எழுதுற என்று கேட்டேன்.
என்னத்த என்று கேட்டபடி
அடுத்த பிள்ளையைத் தராசில் வைத்தா.

வீட்டுக்கு வந்து
நிரோஜினி அட்டையை விரித்தாள்.
என் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து
அந்த இரண்டுக்குப் பக்கத்தில்
மூன்று சுற்றுச் சுற்றி
ஒரு வட்டம் கீறினாள்.

அடுத்த கிளினிக்கில் மிஸ் அதை
இருபது என்று வாசித்தால்
வாசிக்கட்டும்.