கழற்றியது போக

அலமீடா தெருவில் எங்கள் பழைய இரும்புக் கடை.
சனிக்கிழமை மதியம் பையன்கள் வருவார்கள்,
வாங்க அல்ல, போட.
நான்கு மட்கார்டு, இரண்டு படிப்பலகை, ஒரு கூரை.
தராசில் ஏற்றி அப்பா தருவது முக்கால் டாலர்.
அது பெட்ரோலாக மாறி
இரவோடிரவாகப் பாலைவனம் போய்விடும்.

அப்போது இதற்குப் பெயர்கூடக் கிடையாது.
ஹாட் ராட் என்ற சொல் ஊரெல்லாம் புழங்கியது
போர் முடிந்த பிறகு,
செய்தித்தாள்கள் பயந்துபோய் எழுதியபோது.
நாங்கள் வண்டி என்றோம்.
போலீஸ்காரர் வேறு என்னவோ சொன்னார்.

ஷிகேவோ மொரினாகா,
கார்டினாவில் ஸ்ட்ராபெரி போட்டவரின் மகன்.
இருபத்தொன்பதாம் வருடத்து ஃபோர்டு உடம்பில்
முப்பத்திரண்டாம் வருடத்து வி-எட்டு எஞ்சினை இறக்கியவன்.
எதைத் தொட்டாலும் ஒரே கேள்வி:
இது ஓடுமா, உட்கார்ந்து வருமா?
உட்கார்ந்து வருவதையெல்லாம் கழற்றினான்.
முன்கண்ணாடி. ஹாரன். பின்பார்வைக் கண்ணாடி.
கதவின் கைப்பிடியைக்கூட;
எகிறிக் குதித்து ஏறலாமே என்றான்.
ஒருநாள் தன் இடுப்பு வாரின் பக்கிளைக் கழற்றி
என் கையில் கொடுத்துவிட்டுச்
சிரிக்காமல் ஏறி உட்கார்ந்தான்.

மியூராக் என்பது தண்ணீர் மறந்துபோன ஏரி.
விடியுமுன் நூறு மைல் ஓட்டிப் போவோம்.
ஓடு ஓடாக வெடித்த களிமண்,
கண்ணுக்கெட்டும்வரை ஒரு கோணலும் இல்லாத தரை.
அங்கே ஷிக் நூற்றுப் பதினான்கு மைல் தொட்டான்.
இறங்கியதும் துப்பினான், மண்ணாக.
அதன்பின் ஹெட்லைட்டை மாட்டிக்கொண்டு
வீட்டுக்கு ஓட்டிவந்தோம்,
திங்கட்கிழமை வயலில் வேலை இருந்தது.

நாற்பத்திரண்டு ஏப்ரல்.
தந்திக் கம்பங்களில் அறிவிப்பு ஒட்டினார்கள்:
ஜப்பானிய வம்சத்தார் அனைவரும்,
ஆளுக்குக் கையில் தூக்க முடிந்த அளவு.
பழம் சிவக்க மூன்று வாரம் இருந்தது.
ஷிக் வண்டியோடு கடைக்கு வந்தான்.
நான் பதினைந்து டாலர் என்றேன்.
நாற்பது என்று சொல்லியிருக்கலாம்.
பையில் அறுபது இருந்தது.
அவன் பேரம் பேசவில்லை.
அரை டாங்க் பெட்ரோல் இருக்கு என்றான்.

அவர்கள் ரயில் பாலைவனம் வழியாகத்தான் போனதாம்,
சன்னல் திரைகளை இழுத்து மூடிக்கொண்டு.
ஏரியில் அப்போது குண்டு விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன.
என்னை ராணுவம் எடுக்கவில்லை. இடது காது.
நான் அவன் வண்டிக்கு மூன்றாவது கார்பரேட்டர் வைத்தேன்.

நாற்பத்தாறு, எல் மிராஜ். வேறு ஏரி, அதே புழுதி.
பசிபிக்கிலிருந்து திரும்பியவர்கள்
விமானத்தின் பெட்ரோல் தொட்டிக்குச் சக்கரம் பூட்டி
அதற்குள் ஒடுங்கிப் படுத்து ஓட்டினார்கள்.
வரிசையில் நான் பதினோராவது.
புல்வெட்டும் இயந்திரங்கள் ஏற்றிய பிக்கப் ஒன்று வந்து நின்றது.
நரை இருந்தது அவனுக்கு, இருபத்தாறு வயதில்.
எஞ்சின் பக்கம் குனிந்து கேட்டான்.
வாங்கியது பற்றி, விற்றது பற்றி ஒன்றுமில்லை.
மூணாவது ரொம்பக் குடிக்குது, ஜெட்டை மாத்து என்றான்.

சாவியை நீட்டிவிடலாமென்று பையைத் துழாவினேன்.
இந்த வண்டிக்குச் சாவி கிடையாது.
அதையும் அவன்தான் கழற்றியிருந்தான்.

ஸ்டார்ட்டரும் இல்லை, எடை என்று.
பின்னாலிருந்து யாராவது தள்ளினால்தான் உயிர் வரும்.
அவன் பிக்கப்பில் ஏறி
பம்பரை என் முதுகோடு ஒட்டினான்.
பத்து மைல், இருபது, முப்பது,
எஞ்சின் பிடித்துக்கொண்டது.
திரும்பிப் பார்க்கக் கண்ணாடி இல்லை.

நூற்றிருபத்திரண்டு என்றது சீட்டு.
என் பெயருக்கு ஒரு கோடு, எண்ணுக்கு ஒரு கோடு.
தள்ளியவனுக்கு அதில் இடம் அச்சடிக்கவில்லை.

ஏரியின் மறுமுனையில் இறங்கிப்
புழுதி அடங்கும்வரை நின்றேன்.
போயிருப்பான் என்று நினைத்தேன்,
போயிருக்க வேண்டும் என்றும்.
அங்கேதான் இருந்தான்.
வரிசையில் பன்னிரண்டாவது வண்டியைத்
தள்ளிக்கொண்டிருந்தான்.