எத்தனை குதிரை

ஏற்காட்டு ஒன்பதாவது கொண்டை ஊசியில்
மெட்டாடர் நின்றபோது
பின்னால் கட்டிலில் படுத்திருந்த பிலோமினா
கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:
"வந்துட்டமா?"

வரவில்லை.
ரேடியேட்டர் பொங்கிக்கொண்டிருந்தது.
சிமெண்ட் மூட்டையோடு ஒரு மினி லாரி
எங்களைக் கடந்து போனது.
அதன் கிளீனர் தலையை மெல்ல ஆட்டினான்,
இழவு வீட்டு வாசலில் ஆட்டுவதுபோல.

அதனால்தான் இந்தப் புதன்கிழமை, புதுப்பேட்டை.
எது கூவம், எது கிரீஸ் என்று
மூக்குக்குப் பிடிபடாத சந்து.
கதவுகள் தனிக் குவியல். கண்ணாடிகள் தனி.
வண்டி இல்லாத ஹாரன் ஒன்றை
யாரோ பேட்டரியில் தொட்டுப் பார்க்கிறார்கள்,
தெருவே ஒதுங்கி வழிவிடுகிறது.

இம்தியாஸ் கடையில் மூன்று எஞ்சின்கள்,
பழைய லாரி டயர்கள்மேல் உட்கார்ந்திருந்தன.
ஒன்று அம்பாசடரிலிருந்து கழற்றியது.
"பெட்ரோல் சார். தேன். ஆனா குடிக்கும்."
கேஸ் அடுப்போடு படுத்துறங்கும் வண்டிக்குப்
பெட்ரோலே வேண்டாமென்று பிலோமினா
அடுத்ததற்கு நகர்ந்துவிட்டாள்.
இரண்டாவது ஓர் ஆம்புலன்ஸுடையது.
யாரைச் சுமந்தது, நேரத்துக்குச் சேர்த்ததா,
நாங்கள் கேட்கவில்லை.
மூன்றாவது
ஏதோ ஒரு பெரிய ஜீப்பின் நெஞ்சு.
நூற்று நாற்பது குதிரை.

நான் அதன் பக்கத்திலேயே நின்றேன்.
பல் செட்டு செய்கிறவன் நான்.
இருபத்தொரு வருடமாக
அடுத்தவர் வாயின் அளவுக்கே
அரம் பிடித்து ராவிய கைகள்.
ஒரே ஒரு தடவை
அளவுக்கு மேல் ஒன்று வேண்டும்போல் இருந்தது.

இம்தியாஸ் வண்டிக்கடியில் புகுந்தான்.
ஸ்பானரால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போனான்.
டங். டங். டங்.
முன்னால் வலது ஓரத்தில் மட்டும்,
டொக்.
வெளியே வந்து கையைத் துடைத்தான்.
"காசிமேட்டுல மீன் ஏத்துன வண்டியா சார்?"

ஆர்சி புத்தகத்தில் அப்படி இல்லை.
முதல் ஓனர் ஒரு பள்ளிக்கூடம்.
ஆனால் மழை நாட்களில்
கட்டிலுக்கடியிலிருந்து ஒரு நெடி கிளம்புவது
எங்கள் இருவருக்கும் தெரியும்.
பிலோமினா என்னைப் பார்த்தாள்.
நான் டயரைப் பார்த்தேன்.

"பெருசையே போட்டுத் தர்றேன்.
கியர்பாக்ஸ் மாத்தணும். கிளட்ச், ஆக்சில், பிரேக்கு.
அப்பறம் பழசுன்னு மிஞ்சறது
கதவுக் கைப்பிடி ஒண்ணுதான்."
கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கி,
"ஏறத்தான் எல்லாரும் பவர் கேக்கறாங்க சார்.
எறங்க எவனும் கேக்கறதில்ல."
இதை அவன் எல்லோரிடமும் சொல்கிறான் என்பது
எதிர்க்கடைக்காரரின் சிரிப்பில் தெரிந்தது.

எனக்கு அந்த வசனம் தேவைப்படவில்லை.
டொக் போதும்.
ஈறு கரைந்த வாயில் எந்தப் பல்லைக் கட்டினாலும்
முதல் முறுக்குக்கே தட்டில் விழும்.
விழும் சத்தமும் கேட்டிருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் எஞ்சினை ஓடவிட்டார்கள்.
எழுபத்தைந்து குதிரை.
ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தேன்:
மூச்சு வந்தது, புகை வரவில்லை.
பிலோமினா அதன் எண்மேல் காகிதம் வைத்து
பென்சிலால் தேய்த்து எடுத்தாள்,
ஆர்டிஓவில் கேட்பார்கள் என்று.
கடைசி எண் மூன்றா எட்டா என்பதில்
அரைமணி நேரம் போனது.
சேசிஸுக்கு வெல்டிங் தனிக் காசு.

பதினேழு நாள் கழித்துப் பரங்கிமலை.
இரண்டாவது கியரில், முனகாமல்.
பாதி ஏற்றத்தில் பின்னாலிருந்து குரல்:
"ஏன் நின்னுட்ட?"
நிற்கவில்லை.
தட்டு அலமாரியில் கரண்டிகள்
ஆடாமல் கிடந்தன, அவ்வளவுதான்.

உச்சியில் டீ போட்டோம்.
கீழே ஓடுபாதையில் ஒரு விமானம் இறங்கியது,
எந்த அவசரமுமில்லாமல்.
நாங்கள் இறங்கும்போது,
வெல்டிங் புதிது, பிரேக் லைனிங் புதிது,
ஒப்புக்கொள்கிறேன்,
இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டுதான் வந்தேன்.